விவிலியக் கதையும் வெண்திரையும்

ஹாலிவுட்டில் உருவான விவிலியப் படங்களுள் தலையாயது எது என்று கேட்டால், செசில் பி. டெமில் எடுத்த ‘பத்துக் கட்டளைகள்’ என்னும் படத்தையே பலரும் சொல்வர். அது 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயார்க் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடும் படம். அதன் தொடக்கம் விந்தையானது. இவ்வளவு பணத்தைக் கொட்டி எடுத்த படமாயிற்றே, பார்வோனின் அரண்மனையையோ பரந்த பாலைவனத்தையோ காட்டித் தொடங்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் முதலில் நாம் காண்பது ஒரு திரைச்சீலை. அதை விலக்கிக்கொண்டு, எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் வந்து நிற்கிறார். அவையோரைப் பார்த்துப் பேசுகிறார். அவர்தாம் டெமில். மனிதர்கள் கடவுளின் சட்டத்தால் ஆளப்பட வேண்டுமா, ஒரு சர்வாதிகாரியின் மனம்போன போக்கால் ஆளப்பட வேண்டுமா என்பதே இக்கதையின் பொருள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். போனவர் முற்றிலும் போய்விடவில்லை. படம் நெடுக அவர் குரலே இடையிடையே வந்து கதையை நடத்திச் செல்கிறது.

கடலைப் பிளந்து காட்டும் வித்தையைக் கைவரப் பெற்ற ஒருவருக்கு, கதை சொல்ல ஒரு மனிதக் குரல் ஏன் தேவைப்பட்டது? இதற்கு விடை தேடினால், நம் ஆராய்ச்சி ஹாலிவுட்டோடு நிற்பதில்லை. கோயமுத்தூரிலே, கோட்டைமேட்டிலே பிறந்த ஒரு மனிதரிடம் வந்து சேருகிறது.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ஆம் ஆண்டு பிறந்தவர். தென்னிந்திய ரயில்வேயில் வேலை பெற்றுத் திருச்சிராப்பள்ளியில் இருந்தார். சம்பளம் மாதம் 25 ரூபாய். அந்நாளில் அது நிலையான வாழ்வுக்குப் போதுமான ஊதியம். ரயில்வே வேலை என்றால் பெண் கொடுக்கக் காத்திருப்பார்கள். 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இலங்கையில் சலனப்படம் காட்டிவிட்டுத் திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடல்நலம் கெட்டது. ஊர் திரும்ப எண்ணியவர், படம் காட்டும் கருவியையும் தம்மிடமிருந்த பிலிம் சுருள்களையும் விற்றுவிட முன்வந்தார். அச்சுருள்களுள் ஒன்று ‘இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை’. விலையோ இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அதாவது வின்சென்டின் சம்பளத்தில் ஏறத்தாழ ஏழாண்டுக் காசு. இருபத்திரண்டு வயது இளைஞர் பணத்தைத் திரட்டினார், கருவியை வாங்கினார், வேலையை விட்டார்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. வேறொருவர் எடுத்த படத்தை ஒரு பிரெஞ்சுக்காரர் எப்படித் தம் சொந்தப் பொருள் போல விற்க முடிந்தது? இன்று படத்தைக் கொட்டகைக்காரர் விலைக்கு வாங்குவதில்லை. காட்டும் உரிமையை மட்டும் பெறுகிறார். அக்காலத்து வழக்கம் வேறு. துணிக்கடையிலே துணியை அளந்து கொடுப்பது போல, பிலிமை நீளக் கணக்கில் விலைக்கே விற்றார்கள். வாங்கியவனுக்கு அது சொந்தம். தேயும் வரை காட்டலாம், வேண்டாமென்றால் இன்னொருவனுக்கு விற்கலாம். பாரிஸ் நகரத்துப் பாத்தே நிறுவனம் 1907-ஆம் ஆண்டிலேதான் விற்பனையை விட்டு வாடகை முறைக்கு மாறத் தொடங்கியது. இரண்டாண்டு பிந்தியிருந்தால் திருச்சியில் நடந்த அந்தப் பேரம் அந்த வடிவில் நடந்திருக்குமா என்பது ஐயமே.

அக்காலத்துக் கிறிஸ்து படங்கள் எவ்வாறு உருவாயின என்பதற்கு அந்தப் பாத்தே நிறுவனத்தின் படமே நல்ல சான்று. பெர்டினான்ட் செக்கா, லூசியன் நோங்கே என்னும் இருவர் 1902-ஆம் ஆண்டிலிருந்து 1905-ஆம் ஆண்டு வரை சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்த படம் அது. முழுதும் ஓடினால் முக்கால் மணி நேரம். ஆனால் முழுதும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறப்பு, எகிப்துக்குத் தப்பியோடுதல், தண்ணீரின்மேல் நடத்தல், பாடுகள், உயிர்த்தெழுதல் என ஒவ்வொன்றும் தனிக் காட்சி. கையிலிருக்கும் காசுக்கேற்ப வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். எழுதிய திரைகளே மலையும் மாளிகையும் ஆயின. கருவி பெரும்பாலும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. நடிகர்கள் நாடக மேடையில் வருவது போல் ஓரத்திலிருந்து வந்து ஓரத்திலே மறைந்தார்கள். எனினும் அதில் வித்தை இல்லாமல் இல்லை. ஒரே பிலிமை இருமுறை ஒளிபடச் செய்து, வானத்தில் தேவதூதர்களைத் தோன்ற வைத்தார்கள். வண்ணம் வேறு உண்டு. அது இயற்கை வண்ணம் அன்று. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அச்சுத்தகடு வெட்டி, பெண் தொழிலாளர் பலர் கட்டை விரல் அகலப் படங்களிலே ஒவ்வொன்றாக வண்ணம் ஏற்றினார்கள். ஒரு நிமிடக் காட்சிக்கு ஏறக்குறைய ஆயிரம் படங்கள் என்றால், அவர்கள் கண்கள் என்ன பாடு பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாத்தே படத்தை இன்றும் முழுதாகப் பார்க்கலாம். டெமிலின் படத்தை விட அதன் பிறப்புக் காட்சியே என் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. காரணம் கேட்டால் அதன் எளிமை என்றுதான் சொல்வேன்.

வின்சென்ட் கூடாரத்தைக் கட்டினார், படம் காட்டினார், கூடாரத்தைப் பிரித்து வண்டியேற்றி அடுத்த ஊருக்குப் போனார். 1909-ஆம் ஆண்டில் சென்னையிலே கூடாரம் அடித்தார். வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மா, மலேயா ஆகிய நாடுகளுக்கும் சென்றார். தொழில் எளிதன்று. பெரும்பாலான ஊர்களில் மின்சாரம் கிடையாது. விளக்குக்கு வேண்டியதையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்நாளைய பிலிம் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், பற்றினால் அணையாது. 1897-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒரு தர்மச் சந்தையிலே படம் காட்டும் விளக்கிலிருந்து எழுந்த தீயில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்படிப்பட்ட விளக்கையும் பிலிமையும் ஒரு துணிக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிவது என்றால், ஏழாண்டுச் சம்பளம் மட்டுமா பணயம்?

இனி, நம் கேள்விக்கு வருவோம். கூடாரத்தின் தரையிலே அமர்ந்திருப்பவர்களில் மிகப் பலர் விவிலியத்தைக் கேட்டறியாதவர்கள். திரையிலோ பேச்சு இல்லை. ஒரு பெண் மண்டியிடுகிறாள். இறகு முளைத்த ஒருவர் தோன்றுகிறார். நட்சத்திரம் ஒன்று நகர்கிறது. யார் இவர்கள்? ஏன் அழுகிறார்கள்? ஆகவே பேசாப்படக் காலத்துக் கொட்டகைகளிலே விளக்கம் சொல்வதற்கென்றே ஒருவர் நின்றார். திரையின் பக்கத்தில் நின்றுகொண்டு, நடப்பதைச் சொல்வார், பாத்திரங்களுக்காகப் பேசுவார், அழவேண்டிய இடத்தில் குரல் தழுதழுப்பார். வெளிநாட்டுப் படங்களில் வரும் ஆங்கில எழுத்தைத் தமிழாக்கிச் சொல்வதும் அவர் வேலை.

கொங்கு நாட்டாருக்கு இது புதிய பழக்கம் அன்று. பொன்னர் சங்கர் என்னும் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடக் கேட்டவர்கள் அவர்கள். உடுக்கைப் பாடகர் தாமே பாடுவார், தாமே பேசுவார், தாமே தங்காளாகி அழுவார். கேட்போர் கதையைக் கண்ணால் பார்ப்பதில்லை, குரலால் பார்த்தார்கள். கூடாரத்துக்கு வந்தவர்களுக்குப் புதிதாகக் கிடைத்தது திரையிலே அசையும் ஒளி. குரல் பழையதுதான். அந்தப் பழைய குரலைப் பிடித்துக்கொண்டுதான், பெத்லகேம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களும் அந்தக் கதைக்குள் நடந்து போனார்கள் என்பது என் எண்ணம்.

பம்பாயிலும் ஒரு கிறிஸ்து படம் இதற்கு நிகரான ஒரு வேலையைச் செய்தது. 1910-ஆம் ஆண்டை ஒட்டித் தாதாசாகேப் பால்கே ஒரு கொட்டகையில் கிறிஸ்துவின் வாழ்க்கையைப் படமாகக் கண்டார். கண் முன்னே கிறிஸ்து நடமாட, மனக்கண்ணிலே கிருஷ்ணனும் இராமனும் கோகுலமும் அயோத்தியும் நடமாடியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதன் பயன் 1913-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’. ஆக, இந்தியர் எடுத்த புராணப் படங்களுக்கு விதை ஒரு விவிலியப் படத்திலிருந்து விழுந்தது என்பது மிகையன்று.

வின்சென்டிடமும் அந்த விதை முளைத்தது. சற்றுத் தாமதமாக முளைத்தது. முதலில் அவர் கூடாரத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, 1914-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார். படம் காட்டுவதற்காக மின்சாரம் உண்டாக்கும் எஞ்சின் வைத்தார். பைக்காரா நீர்மின்சாரம் இப்பகுதிக்கு வந்தது 1930-களின் தொடக்கத்தில்தான் என்பதை நினைவில் கொண்டால், அந்த எஞ்சினின் அருமை விளங்கும். எஞ்சினைச் சும்மா நிறுத்தி வைப்பதும் வீண்தானே? அச்சகம் நடத்தினார், அரிசி ஆலையும் மாவு ஆலையும் நடத்தினார். சுற்றுப்புறத்துக்கும் விளக்கு எரிந்தது. கொங்கு நாட்டுத் தொழிலதிபர்களின் குணமே இதுதான். ஒரு தொழிலின் கழிவு இன்னொரு தொழிலின் முதல்.

பேசும்படம் வந்தது. 1933-ஆம் ஆண்டில் வின்சென்ட், கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தார். கிறிஸ்துவின் கதையோடு தொழிலைத் தொடங்கிய கிறித்தவர் தேர்ந்துகொண்ட கதை எது தெரியுமா? ‘வள்ளி திருமணம்’. வள்ளியாக டி. பி. ராஜலட்சுமி நடித்தார். படம் நன்றாக ஓடியது. மருதமலையையும் பழனியையும் இருபுறமும் வைத்துக்கொண்டிருக்கும் நாட்டிலே முருகன் கதைக்கு விளக்கம் சொல்பவர் தேவையா? பின்பு கோயமுத்தூரிலேயே சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தபோது அதை நிறுவியவர்களுள் வின்சென்டும் ஒருவர். எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’, 1947-ஆம் ஆண்டில் அங்கே உருவாகி வெளிவந்தது. அதைக் காண வின்சென்ட் இல்லை. 1942-ஆம் ஆண்டிலேயே காலமானார்.

வெரைட்டி ஹால் எழுந்த அதே 1914-ஆம் ஆண்டில்தான் டெமிலின் முதற்படமும் வெளிவந்தது. ஹாலிவுட்டில் ஒரு பழைய களஞ்சியக் கொட்டிலை வாடகைக்குப் பிடித்து எடுத்த படம் அது. ஒன்பது ஆண்டுகளில் அவர் விவிலியத்துக்கு வந்தார். 1923-ஆம் ஆண்டில் ‘பத்துக் கட்டளைகள்’ படத்தைப் பேசாப்படமாக ஒருமுறை எடுத்தார். கலிபோர்னியாவின் குவாடலூப் என்னும் கடற்கரை மணல்மேட்டில் பார்வோனின் நகரத்தையே கட்டினார். நூறடிக்கு மேல் உயர்ந்த மதில். வழியின் இரு மருங்கிலும் சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட 21 உருவங்கள். எல்லாம் சுண்ணச் சாந்து. செங்கடலைப் பிளந்தது எப்படி? பிள்ளைகள் உண்ணும் ஜெல்லி இருக்கிறதே, அதிலே ஒரு பாளம் செய்து நடுவே வெட்டினார்கள். சூடு காட்டி அது உருகுவதைப் படம்பிடித்தார்கள். பிலிமைத் தலைகீழாக ஓட்டியபோது, உருகிச் சேர்ந்தது பிளந்து நின்றது! அமெரிக்கா முழுதும் வாய் பிளந்த அற்புதம் ஒரு தட்டு இனிப்பில் நடந்தது.

1927-ஆம் ஆண்டில் கிறிஸ்துவின் வாழ்வை ‘அரசர்க்கரசர்’ என்ற பெயரில் எடுத்தார். பிறகு கால் நூற்றாண்டு கழித்து மோசேயின் கதைக்கே திரும்பினார். இம்முறை பேச்சும் வண்ணமும் சேர்ந்தன. 1954-ஆம் ஆண்டு அக்டோபரில் எகிப்துக்கே போனார். அங்கே பாலைவனத்தில் நூறடிக்கு மேல் உயரமான கோட்டை வாயில் கட்டப்பட்டது. அதன் வழியே ஆயிரக்கணக்கான மக்களும் ஆடு மாடு ஒட்டகங்களும் புறப்பட்டு வர வேண்டும். அதை மேலிருந்து பார்க்க எழுபத்து மூன்று வயது டெமில் ஏணியில் ஏறினார். உச்சியில் மாரடைப்பு வந்தது. அத்தனை மக்களைக் கூட்டியாயிற்று; பணம் நாள்தோறும் கரைகிறது; படத்தின் உயிரோ மாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மருத்துவர் ஓய்வு என்றார். சில நாள்களில் டெமில் மீண்டும் படப்பிடிப்புக்கு வந்துவிட்டார். அந்தப் பிடிவாதத்தைப் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன். திருச்சியில் நல்ல வேலையை விட்ட இருபத்திரண்டு வயது இளைஞரின் பிடிவாதத்துக்கு அது உறவு என்று மட்டும் சொல்லலாம்.

ஜெல்லிக்குப் பதிலாக இம்முறை தண்ணீரே பிளந்தது. ஹாலிவுட்டில் பிரம்மாண்டமான தொட்டிகளைக் கட்டி, இருபுறமிருந்தும் லட்சக்கணக்கான காலன் தண்ணீரை ஒரு பள்ளத்தில் கொட்டவிட்டு, அதைப் படம்பிடித்துத் தலைகீழாக ஓட்டினார்கள். அதனோடு எகிப்தில் எடுத்த கடற்கரைக் காட்சியையும், எழுதிய மேகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக ஆக்கினார் ஜான் பி. புல்டன் என்னும் நிபுணர். படத்துக்கு ஏழு ஆஸ்கார் நியமனங்கள் கிட்டின; வென்றது ஒன்றே, இந்தச் சித்து வேலைக்கு. மோசேயாக சார்ல்டன் ஹெஸ்டனும், பார்வோனாக யுல் பிரின்னரும் நடித்தனர். நாணற்பெட்டியில் மிதந்து வரும் குழந்தை மோசே வேறு யாருமல்ல, ஹெஸ்டனின் கைக்குழந்தையே. செலவு ஒன்றேகால் கோடி டாலருக்கு மேல். அதற்கு முன் எந்தப் படத்துக்கும் அவ்வளவு செலவானதில்லை. அரண்மனைக் காட்சிகள் நீளம் அதிகம். அரசகுமாரியும் அமைச்சனும் பேசும் பேச்சு நம் பழைய நாடகக் கம்பெனிகளின் வசனத்தை நினைவூட்டும். ஆனால் கடல் பிளக்கும் அந்தச் சில நிமிடங்களில் குறை சொல்ல நாக்கு எழாது.

தண்ணீரின்மேல் நடக்கும் கிறிஸ்துவைக் காட்டிய பழைய பாத்தே படத்துக்கும் இதற்கும் அளவிலேதான் வேற்றுமை. ஒரு பிலிமின்மேல் இன்னொரு படத்தை ஏற்றுவது என்னும் அடிப்படை ஒன்றே. அந்த ஒற்றுமையைக் கண்டபின், டெமில் ஏன் திரைக்கு முன்னே வந்து நின்றார் என்பது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை. அவர் வானொலிக்காரர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1936-ஆம் ஆண்டு முதல் 1945-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, திரைக்கதைகளை வானொலி நாடகமாக்கிய ஒரு வாராந்தர நிகழ்ச்சியை அவர் நடத்திவந்தார். தொழிற்சங்கத்துக்கு ஒரு டாலர் தர மறுத்த வழக்கிலே அதை இழந்தார். ஒரு டாலருக்காக ஒன்பதாண்டுப் பழக்கத்தை விட்ட மனிதர்! அந்த ஒன்பதாண்டும் அமெரிக்க வீடுகளிலே அவர் முகமில்லாத குரலாகவே இருந்தார். காண்பதைக் காட்டிலும் கேட்பது எவ்வளவு நெருங்கி வரும் என்பதை அறிந்தவர். ‘பத்துக் கட்டளைகள்’ படத்தில் அவர் செய்தது, கூடாரத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்றவர் செய்த அதே வேலைதான். வேதக் கதை கண்முன் எவ்வளவு பெரிதாக விரிந்தாலும், இது உனக்கு ஏன் சொல்லப்படுகிறது என்று ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கடல் சொல்லாது.

அதே 1956-ஆம் ஆண்டில், நம் பக்கத்துச் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை முழு வண்ணத்தில் வெளியிட்டார். தமிழில் முழு வண்ணப் படம் அதுவே முதல். பாத்தே நிறுவனத்துப் பெண்கள் கையால் தீட்டிய வண்ணத்தைக் கூடாரங்களில் கண்டவர்கள் சிலர், கிழவர்களாக அந்தப் படத்தையும் பார்த்திருக்கக் கூடும்.

1923-ஆம் ஆண்டில் கட்டிய பார்வோன் நகரத்தை, படம் முடிந்ததும் டெமில் இடித்து அந்த மணலிலேயே புதைத்துவிட்டார். அறுபதாண்டு கழித்துச் சிலர் அதைத் தேடிப் புறப்பட்டார்கள். 2012-ஆம் ஆண்டில் சாந்தினாலான ஒரு தலையை மண்ணைக் கிளறி எடுத்தார்கள். மெய்யான எகிப்துப் பொருளை எடுப்பது போலத் தூரிகை கொண்டு தூசு தட்டி எடுத்தார்கள். வின்சென்டின் கூடாரத்திலிருந்து தோண்டி எடுக்க ஒன்றும் இல்லை. வெரைட்டி ஹால் பிற்காலத்தில் ‘டிலைட்’ என்று பெயர் மாறி, நூற்றாண்டைக் கடந்து நின்று, அண்மையில் இடிபட்டது. அது நின்ற சாலைக்கு மட்டும் வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் மாறவில்லை. அங்கே உள்ள காவல் நிலையத்துக்கும் அதே பெயர்தான். சைக்கிள் களவுபோனது என்று முறையிட வருபவர்கூட அந்தக் கொட்டகையின் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்க வேண்டும்.